முடிந்தது போலிருக்கும் இடம்

நவராத்திரி முதல் நாள். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மதீர்த்தக் குளத்துக்கு அருகே இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் மாலை ஆறு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. எண்ணெய் விளக்கு வெளிச்சம், தலைக்கு மேலே கவிழ்த்துக் கட்டிய மண்பானைகள். பாடகர் சங்கராபரணத்தை எடுத்தார். பக்கத்தில் என் தங்கை மகன், பதினேழு வயது. முண்டு கட்டிப் பழக்கமில்லாததால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். என் காதருகே குனிந்து கேட்டான்: "மாமா, போன வருஷம் வந்தப்பவும் இதே பாட்டுதானே?"

இதேதான். அதற்கு முந்தின வருஷமும் இதேதான். 1846இல் மறைந்த சுவாதித் திருநாள் மகாராஜா நவராத்திரிக்கென்றே ஒன்பது கீர்த்தனைகள் செய்துவைத்துப் போயிருக்கிறார். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி என்று கடைசி நாள் ஆரபி வரை வரிசை மாறாது. பாடுகிறவர் மாறுவார், பாட்டு மாறாது. நடுவில் கைதட்டவும் கூடாது. பேசவே கூடாத இடத்தில் இதையெல்லாம் எப்படி விளக்குவது? உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

அவன் கேள்வி மட்டும் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது கிளப்பிய ஞாபகம் சுவாதித் திருநாளைப் பற்றியது அல்ல. ஒரு அமெரிக்க டான்ஸ் மெட்டு. கிளென் மில்லர் குழுவின் 'இன் த மூட்'. சரஸ்வதி சந்நிதியில் நினைக்கிற விஷயமா இது என்று யாராவது கோபித்துக்கொள்ளலாம். அவளுக்கு ஆட்சேபம் இருந்திருக்காது.

அந்த மெட்டை எனக்குக் காட்டியவர் என் தாய்மாமா. நாகர்கோவில் பக்கம் ஒரு பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலம், தேவாலயத் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, சாவு எல்லாவற்றுக்கும் அதே சிவப்புச் சட்டை, அதே தங்க நிறப் பித்தான். திருவனந்தபுரத்தில் வேலை விழுந்தால் கரமனையில் எங்கள் வீட்டில்தான் தங்குவார். ஒருமுறை சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு கேசட் வாங்கிவந்தார். அட்டையில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் டிராம்போனோடு நின்றான். "இவன்கிட்ட கிளாரினெட் எப்படிப் பேசுதுன்னு கேளு மக்ளே" என்று போட்டார்.

முதல் பாட்டே இதுதான். ஸாக்ஸபோன்கள் சேர்ந்து ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. சரியாகச் சொன்னால் அது மெட்டுகூட இல்லை, ஒரு சுருதிக்கூட்டை மேலும் கீழுமாகக் கலைத்துப் போட்டது. ஆனால் ஸ்வரங்கள் மூன்று மூன்றாக அடுக்கியிருக்க, அடியில் தாளம் நாலெண்ணிக்கையில் போகிறது. அதனால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மாமா தொடையில் தாளம் போட்டுக் காட்டினார். மிருதங்கக்காரர் திஸ்ரத்தில் ஒரு கணக்கை ஆரம்பித்தால் கச்சேரியில் முன்வரிசை நிமிர்ந்து உட்காருமே, அதே விஷயம்தான். வித்தியாசம், இங்கே யாரும் கணக்குப் போட வேண்டாம். கால் தானாகப் போட்டுவிடும்.

கடைசியில் வருவதுதான் சூது. அந்தத் துணுக்கே மறுபடி வரும், கொஞ்சம் தணிந்து. இன்னொரு சுற்று, இன்னும் தணிந்து. அடுத்த சுற்று காதுக்கு எட்டுவதே சிரமம் என்னும்படி தேய்ந்து, பாட்டு முடிந்தேவிட்டது என்று தோன்றும்போது மொத்த வாத்தியமும் ஒன்றாக வெடித்துக்கொண்டு வரும். அந்தத் தேய்கிற இடத்தில் மாமா டேப் ரெக்கார்டரை அணைக்கப் போகிறவர்போல விரலைப் பொத்தான்மேல் கொண்டுபோவார். நானும் தங்கையும் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்துவோம். அவர் அணைக்க மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நூறு தடவை நடந்த நாடகம். நூறாவது தடவையும் நாங்கள் கத்தியது பொய்க் கத்தல் இல்லை.

பின்னாளில் இந்த மெட்டின் வரலாற்றைப் படித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. கோடிக்கணக்கானவர்கள் கேட்ட இந்தத் துணுக்கு மில்லருடையது அல்ல. விங்கி மனோன் என்ற டிரம்பெட்காரர் 1930இலேயே வேறு பெயரில் ஒரு இசைத்தட்டில் வாசித்திருக்கிறார். அடுத்த வருஷம் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவின் தட்டிலும் அது இருக்கிறது. ஜோ கார்லண்ட் என்பவர் அதை வளர்த்து 'இன் த மூட்' என்று பெயரிட்டார். ஆர்ட்டி ஷா குழு வாசித்துப் பார்த்தது, தட்டின் ஒரு பக்கத்துக்கு அடங்காத நீளம். மில்லர் கையில் வந்ததும் வெட்டினார், வெட்டினார், ஒரு பக்கத்துக்குள் கொண்டுவந்தார். 1939 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் பதிவானது. புதிதாக ஒரு ஸ்வரம் சேர்த்ததால் அல்ல, எதை எத்தனை தடவை விடலாம், எங்கே நிறுத்துவதுபோல் ஏமாற்றலாம் என்று தெரிந்ததால் அது அவர் பாட்டாயிற்று. அந்தத் துணுக்கை 1930இலேயே வாசித்த மனோனுக்குப் பணம் போகவில்லை என்பது தனிக் கதை, நல்ல கதையும் இல்லை.

அதே 1939இல்தான் இங்கே திருவனந்தபுரத்தில் சங்கீத அகாதெமி தொடங்கியது. இன்று தைக்காட்டில் இருக்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். வருஷம் ஒத்துப்போனதில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதர்தான் 'இங்கிலீஷ் நோட்' செய்தவர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அவருடைய சிஷ்யர் மதுரை மணி ஐயர் கச்சேரியின் கடைசியில் அதைப் பாடிப்பாடி ஊரெல்லாம் பரப்பினார். கனமான ராகங்களைக் கேட்டு முடித்த சபை அந்தத் துள்ளல் ஸ்வரங்களுக்காகக் கடைசிவரை எழுந்து போகாமல் இருந்திருக்கிறது. அதுவும் சங்கராபரணத்தில்தான் நடக்கிறது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்காக மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் அதை நாகஸ்வரத்தில் ஊதியபிறகு கல்யாண வீடுகளிலும் புகுந்துவிட்டது. மாமாவின் பேண்ட் செட்டும் வாசித்தது. "இத வாசிச்சா மாப்பிள்ள வீட்டுக்காரன் காப்பி தருவான்" என்பார்.

ஒரே உருப்படியை வருஷக்கணக்காக வாசிக்கிறீர்களே, சலிக்காதா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். தத்துவமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். தொழிலைப் பற்றித்தான் சொன்னார். "சத்தமா ஊத எவனும் ஊதிருவான். அந்தக் கேசட்டுல கடைசியில சன்னமாப் போகுதே, அதுக்கு அடிவயிறு வேணும் மக்ளே. மொதத் தடவ ஊதினதவிடக் கொறச்சு, அதவிடக் கொறச்சு, ஆனா ஒரு ஸ்வரம்கூட விழுந்துரப்படாது." அவருக்கு ஒரே பாட்டு என்பதே கிடையாது. ஒவ்வொரு சுற்றும் வேறு வேலை.

மருமகன் கேட்டதில் இருந்த தொனியை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் கையிலிருக்கும் போன், ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததைத் தயாராக நீட்டுகிறது. தெரிந்துவிட்டால் ஆசை போய்விடும் என்ற எண்ணத்தில்தான் அந்த வியாபாரமே ஓடுகிறது. என் அனுபவம் அப்படி இல்லை. என்ன வரும் என்று தெரிந்தால் போவது கவலைதான், ஆசை அல்ல. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்கு, அதாவது கடல் நீராட்டுக்கு, சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடக்கிறது, அதற்காகச் சில மணி நேரம் விமானங்களே நின்றுவிடுகின்றன. அங்கே புதிதாக என்ன நடக்கப் போகிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் புதிதாக நடந்துவிடக் கூடாதே என்றுதான் சனம் வழியெல்லாம் நிற்கிறது.

இதையே சாக்காக வைத்துக்கொள்ளவும் முடியும். இருபது வருஷமாக ஒரே ஓட்டலில், ஒரே மூலையில் உட்கார்ந்து நெய்ரோஸ்டே சாப்பிடுகிறேன். அதில் காத்திருப்பு எதுவும் இல்லை, வெறும் சோம்பல். பாதி நாள் என்ன சாப்பிட்டேன் என்பதே நினைவில் நிற்காது. இரண்டுக்கும் கோடு எங்கே என்று கேட்டால் எனக்குப் பிடிபட்ட வரை இவ்வளவுதான்: திரும்ப வரும் ஒன்றில் சின்ன மாற்றம் நேர்ந்தால் எனக்கு உறைக்கிறதா? 2006இல் இதே மண்டபத்தில் பாறசாலை பொன்னம்மாள் பாடினார். அதுவரை பெண் யாரும் அங்கே பாட அமர்ந்ததில்லை. முத்தையா பாகவதர் தலைவராக இருந்த அந்த அகாதெமியில் சேர்ந்த முதல் மாணவி அவர், பாடும்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. பாட்டு மாறவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அசையாமல் வைத்திருந்த வரிசை அது. குரல் மாறியது அத்தனை துல்லியமாகக் கேட்டதற்கு அந்த அசையாமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதற்காக அத்தனை வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்ததை நியாயம் என்று சொல்லிவிட முடியாது.

கச்சேரி எட்டரைக்கு முடிந்தது. கைதட்டல் இல்லாமல் கலைந்தோம். ஆட்டோவில் வரும்போது மருமகனின் இயர்போனில் ஒன்றை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, 'இன் த மூட்' என்று தேடச் சொன்னேன். மாமா போய்ப் பதினொரு வருஷமாகிறது. கேசட்டும் எங்கோ போய்விட்டது. ஆட்டோ கரமனைப் பக்கம் திரும்பும்போது ஸாக்ஸபோன்கள் தணிய ஆரம்பித்தன. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. ஆட்டோ இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. முடிந்ததென்று நினைத்து அவன் அடுத்த பாட்டுக்கு விரலைக் கொண்டுபோனான். அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே ஏமாந்திருந்தான்.

"இருடா" என்று கையைப் பிடித்தேன்.

வந்தது. திடுக்கிட்டுச் சிரித்தான். பிறகு விரலை வைத்துக் கொஞ்சம் பின்னால் இழுத்தான், பாட்டின் தொடக்கத்துக்கு அல்ல, அந்தத் தணிகிற இடத்துக்கு.