எக்குரலுக்குச் செவிசாய்ப்பது?



காரணம் கேளாமல் எவர் சொல்லையும் ஏற்றல் ஆகாது என்று நாம் கூட்டந்தோறும் சொல்லி வருகிறோம். அங்ஙனமாயின், காரணம் கேளாமல் உடனே கீழ்ப்படிவதே அறமாகும் இடம் ஒன்று இவ்வுலகில் உண்டா? உண்டென்றே நாம் எண்ணுகிறோம். அவ்விடம் ஆகாய விமானத்தை ஓட்டுபவரின் இருக்கையாகும்.

பெரிய பயணி விமானங்களில் டீகாஸ் என்னும் கருவி ஒன்று உண்டு. அண்டையில் வரும் விமானத்தை அது வானொலி அலையால் வினவி, அதன் தூரத்தையும் உயரத்தையும் இடைவிடாது கணக்கிடுகிறது. மோதல் நேரக்கூடுமெனக் கண்டால் முதலில் எச்சரிக்கும். அபாயம் இன்னும் நெருங்கி, ஏறத்தாழ அரை நிமிடமே எஞ்சியிருக்கும்போது, "ஏறு" என்றோ "இறங்கு" என்றோ கட்டளையிடும். இடம் வலம் திரும்பச் சொல்லாது. இரு விமானங்களிலும் கருவி இருக்குமாயின், அவை தமக்குள் கலந்து, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் ஏவும். விமானி ஐந்து நொடிக்குள் பணிந்தாக வேண்டும்.

2002ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன், ஜெர்மனி நாட்டின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே, 36,000 அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் எதிர்ப்பட்டன. ஒன்று ரஷ்யாவின் டுபொலெவ் விமானம். அதில் இருந்தோரில் பெரும்பாலோர் ஊஃபா நகரத்திலிருந்து ஸ்பெயினுக்கு விடுமுறைக்குச் சென்ற பிள்ளைகள். மற்றது சரக்கேற்றிய போயிங் விமானம். அதில் இருவர் மட்டுமே. சூரிக் நகரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அபாயத்தைத் தாமதமாகவே கண்டு, டுபொலெவ் விமானத்தை இறங்கப் பணித்தார். ஏழு நொடி கழித்து அவ்விமானத்தின் கருவி "ஏறு" என்றது. போயிங்கின் கருவியோ அதே வேளையில் "இறங்கு" என்றது. துணை விமானி கருவியின் சொல்லை எடுத்துக்காட்டினார். ஆயினும், அதிகாரி மீண்டும் இறங்கச் சொல்லவே, அவர்கள் இறங்கினர். போயிங்கும் இறங்கிற்று. கருவி கட்டளையிட்ட 36ஆம் நொடியில் இரண்டும் மோதின. 71 பேர் மாண்டனர்.

இதில் யாரைக் குற்றவாளி என்பது? டுபொலெவ் விமானி மூடரல்லர். தரையில் அமர்ந்து வானம் முழுவதையும் காணும் மனிதரின் சொல்லை நம்பினார். அவர் கைக்கொண்ட கையேடுகளோ, இரு குரல்கள் மாறுபட்டால் எதைக் கேட்பதென்று தெளிவாக உரைக்கவில்லை. அதிகாரியும் கொடியவரல்லர். உடன் வேலை பார்த்தவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். இரண்டு திரைகளை ஒருவரே கவனித்தார். பராமரிப்பு வேலையால் தொலைபேசி வழிகள் தடைப்பட்டிருந்தன. அபாயத்தைக் கண்ட அண்டை நிலையத்தார் அழைத்தும் அவரை எட்ட முடியவில்லை. கருவி என்ன சொல்லிற்று என்பதும் அவருக்குத் தெரியாது. இத்தனையும் மறக்கப்பட்டு, மனைவியையும் இரு மக்களையும் இழந்த ஒருவர், 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில், அவ்வதிகாரியை அவர் வீட்டு வாயிலிலேயே குத்திக் கொன்றார். அந்தத் துயரத்தை நாம் உணர்கிறோம். அச்செயலை ஒப்புக்கொள்ள மாட்டோம். 2007இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம், அந்நிறுவனத்தின் நால்வரைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணங்களுக்குப் பொறுப்பாளிகள் எனத் தீர்த்தது.

இனி நம் வினாவுக்கு வருவோம். கருவிக்குப் பணிவது மூடப்பணிவு அன்றோ? அன்று. அக்கட்டளை எதிர்விமானத்தில் இருப்பவருடன் முன்பே செய்துகொண்ட உடன்பாடாகும். நாம் ஏறுவோம் என்று நம்பியே அவர் இறங்குகிறார். அவர் முகத்தை நாம் கண்டதில்லை. அவர் மொழியும் அறியோம். அந்நொடியில் நம் சொந்த அறிவைத் தனியே ஓட்டினால், அது எத்துணைக் கூர்மையாயினும், அவரைக் கொல்லும். காரணம் கேட்பது விலக்கப்படவில்லை. தரையில் இருக்கும்போதே, விதி எழுதும்போதே கேட்டு முடித்துவிட வேண்டும் என்பதே கருத்து. நாம் நூற்பாலையில் உழைத்த நாட்களில், பொறிகளின் இரைச்சலில் வாய்ச்சொல் கேளாது. எதிரே நிற்பவன் கையை உயர்த்தினால் பொறியை நிறுத்துவோம். ஏன் என்பது நின்ற பிறகு கேட்கப்படும். நாம் காணாத ஒன்றை அவன் கண்டிருப்பான்.

கருவியும் பிழைபட்டால் என் செய்வது என்று கேட்பவர் உளர். நல்ல கேள்வியே. ஊபர்லிங்கனுக்குப் பின் 2003இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விதியைத் தெளிவுபடுத்தியது. அதிகாரியின் உத்தரவுக்கு மாறாயினும் கருவியின் கட்டளையையே பின்பற்ற வேண்டும். அது விமானத்தையே ஆபத்தில் ஆழ்த்துமெனில், விமானி அதனைப் பின்பற்றாது விடலாம். ஆனால், கட்டளைக்கு நேர் எதிராக ஒருபோதும் செல்லலாகாது. பணிய மறுக்கும் உரிமை உண்டு. பிறன் தப்பும் வழியை அடைக்கும் உரிமை இல்லை. சட்டங்களில் இத்துணை நுட்பமான அறத்தை நாம் அதிகம் கண்டதில்லை.

இவ்விதி முன்பே வந்திருக்கலாம் என்பதே நம் மனக்குறை. 2001 ஜனவரி 31இல், ஜப்பானில் யாய்சு அருகே, அதிகாரி ஒருவர் விமானங்களின் எண்ணை மாற்றி உத்தரவிட்டுவிட்டார். ஏறும்படி கருவி சொல்லியும், அவர் சொற்படி ஒரு விமானம் இறங்கிற்று. எதிர்விமானமும் தன் கருவியின் சொற்படி இறங்கிற்று. கடைசி நொடியில் கண்ணாற்கண்டு விலகியதால் 677 பேர் உயிர் தப்பினர். சுமார் 100 பேர் காயமுற்றனர். ஊபர்லிங்கனுக்கு 17 மாதம் முன்னரே உலகுக்குக் கிடைத்த எச்சரிக்கை அது.

இப்போது, தாம் கருவியின் கட்டளைப்படி செல்வதாக விமானி அறிவித்துவிட்டால், அபாயம் நீங்கிற்று என்று அவரே சொல்லும்வரை, கட்டுப்பாட்டு அதிகாரி அவர் செல்லும் வழியை மாற்ற முயலாமல் காத்திருக்கிறார்.