பிறர் வலியும் பிரமாணமும்

பிறருடைய வலி நமக்கு எந்தப் பிரமாணத்தால் தெரியவருகிறது என்னும் கேள்வி, மடத்துத் திண்ணையில் சித்தாந்தம் பயின்றோர் ஓய்வாக ஆராயும் நுண்பொருளாகத் தோன்றினும், லண்டன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நள்ளிரவில் நிற்கும் தாதிக்கு அது அரைமணிக்குள் விடை கண்டாக வேண்டிய கேள்வியாகும்.

அக்கேள்வியை அவள்முன் நிறுத்தும் சிக்கில் செல் எனப்படும் அரிவாளணு இரத்தசோகை, பெற்றோரிடமிருந்து வரும் வியாதி. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமர்ந்துவிடுவதால், பிராணவாயு குன்றும்போது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ள, எலும்பினுள்ளே வலி மூளுகிறது. குளிரும் நீர்க்குறைவும் ஜுரமும் அதைத் தூண்டிவிடும். லண்டனில் இதனால் வருந்துவோர் பெரும்பாலும் ஆப்பிரிக்க, கரீபிய வம்சத்தார் எனினும் நமக்கும் இது அந்நியமன்று. நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் இதன் கூறு உண்டென்று லேமனும் கட்புஷும் 1952இலேயே வெளியிட்டனர். முன்வினைப் பயன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாரும் நம்மிடையே உளர். நோயாளிக்கு ஒரு குவளை நீர் வார்க்கவும் உதவாத அவ்வாதத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

இவ்வலி வெளியே அடையாளம் காட்டாது. காயமில்லை, நாடியும் இரத்த அழுத்தமும் பல சமயம் இயல்பாகவே இருக்கும். பாலியம் முதல் வலியோடு பழகியவன், கத்திப் பயனில்லை என்று கற்றவனாய்ச் சுவரோரம் சாய்ந்து கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருப்பான். பத்துக்கு எத்தனை வலி என்று தாதி கேட்டால், கண்ணை எடுக்காமலே ஒன்பது என்பான். போதாக்குறைக்கு, மார்ஃபின் எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதையும் தானே சொல்வான். அங்கேதான் சந்தேகம் முளைக்கிறது.

சைவ சித்தாந்த ஆசிரியரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிரமாணங்களாகிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கியதோடு, இன்பதுன்பங்களை ஆன்மா தானே அறிவதைத் தன்வேதனைக் காட்சி என்று காண்டலுள் ஒரு வகையாகவும் வைத்தார். நோயாளிக்குக் காட்சியாயிருப்பது தாதிக்கு எந்நாளும் காட்சியாகாது, முகக்குறி கொண்டு ஊகிக்கும் கருதலோ, கைப்பேசி பார்ப்பவனிடம் பிழைபடும், எஞ்சுவது அவன் சொல்லாகிய உரையே. சைவர்கள் உரை என்றது இறைவன் அருளிய ஆகமத்தையன்றோ, அதை ஒரு நோயாளியின் முனகலுக்கு ஏற்றுவது அபசாரமாகாதோ எனின், நியாய பாஷ்யகாரரான வாத்ஸ்யாயனர் நமக்குத் துணைநிற்கிறார். பொருளை நேரில் அறிந்து, அறிந்தவாறே உரைக்க விழைபவன் ஆப்தன் என்று கூறிய அவர், இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவென்று துணிந்து எழுதினார். 2021இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் அனைத்துக்கட்சிக் குழு ஒன்று இந்நோயாளிகள் பட்ட பாட்டை விசாரித்து, 'ஒருவரும் செவிகொடுப்பதில்லை' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு அறிக்கை வெளியிட்டதையும், இனத்துவேஷத்தை அதில் ஒரு காரணமாகச் சுட்டியதையும் நினைக்கையில், அம்முனிவரின் வாக்கு எத்துணைத் தேவையானது என்பது விளங்கும்.

மருந்தின்மேல் இச்சை உடையவன் ஆப்தனாவானோ என்பது வலுவான ஆட்சேபம். ஆயினும் தாகமுற்றவன் நீரை விரும்புகிறான் என்பதற்காக அவன் தாகம் பொய்யாகிவிடாது. தாதியின் கருதலுக்கும் உரிய இடம் உண்டு: மருந்து கொடுத்தபின் சுவாசத்தை எண்ணுவதும், மயக்கம் மிகுகிறதா என்று நோக்குவதும், பிராணவாயுவின் அளவைப் பார்ப்பதும் அதன் வேலையே. நைஸ் என்னும் ஆங்கில மருத்துவ நெறிக்குழு 2012இல் வகுத்த முறையும் ஏறக்குறைய இதுவே. வந்த 30 நிமிஷத்துக்குள் வலிநிவாரணி தரவும், வலி தணியும்வரை 30 நிமிஷத்துக்கொருமுறை அதன் பயனை அறியவும் அது பணிக்கிறது. அதற்கு வெகு முன்பே, 1979இல், எலிசபெத் அனியொன்வு என்னும் தாதி டாக்டர் மிலிக்கா பிரோசோவிச்சுடன் சேர்ந்து லண்டனின் பிரெண்ட் பகுதியில் இந்நோய்க்கும் தலசீமியாவுக்குமாகப் பிரிட்டனின் முதல் ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். சாஸ்திரம் எதுவும் ஓதாமலே உரையளவைக்கு அவர் அமைத்த பீடமென்றே அதை நான் கருதுகிறேன்.

பேச்சு வராத குழந்தையிடம் இவ்வாதம் என்னாகும்? கைகால் வீங்கினால் எவருக்கும் தெரியும். வீங்காதபோது, 'இது வழக்கமான அழுகை இல்லை' என்று தாய் சொல்வது அவளுக்கே கருதலேயன்றிக் காட்சியன்று. அதைத் தாதி உரையாக ஏற்கலாமா என்று தார்க்கிகர் மடக்கக்கூடும். அக்குழந்தையின் எல்லா அழுகைகளையும் கேட்டவள் அவளே ஆகையால், அவளது கருதல் தாதியின் கருதலினும் வலிது என்பது என் துணிபு.