எளிய வழி

கஷ்டப்படாமல் கிடைத்த எதுவும் நம்முடையதல்ல என்று நம்மில் பலர் நம்புகிறோம். நானும் வெகுகாலம் அப்படி நம்பியவன்தான். வியர்வை சிந்திச் சம்பாதித்த சோறுதான் உடம்பில் ஒட்டும் என்று என் தகப்பனார் சொல்வார். அந்த வார்த்தையை நான் சோற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. படிப்புக்கும் பக்திக்கும் அழகுக்கும்கூட அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். புரியக் கஷ்டமான புத்தகம் உயர்ந்த புத்தகம். ஏறக் கஷ்டமான மலை உயர்ந்த மலை. இந்த எண்ணம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், ஒரு தீவில் நடந்தபோது ஆட்டம் கண்டுவிட்டது.

மெய்ன் மாநிலத்தில் அட்லாண்டிக் கடலோரமாக இருக்கிறது மவுண்ட் டெசர்ட் தீவு. பெயரைக் கேட்டால் பாலைவனம் என்று தோன்றும். 1604ஆம் ஆண்டு அவ்வழியே கப்பலில் வந்த சாம்வெல் ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர், மலையுச்சிகளெல்லாம் மொட்டைப் பாறையாக இருக்கக் கண்டு வைத்த பெயர் அது. உச்சிதான் மொட்டை. கீழே ஊசியிலை மரங்கள் கடலின் விளிம்புவரை அடர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கும் அலைக்கும் நடுவே இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள். தீவில் ஏறத்தாழப் பாதி இன்று அகேடியா தேசியப் பூங்கா.

அங்கே மகன் எங்களை அழைத்துப் போனான். என் மனைவிக்கு முழங்கால் வலி. எனக்கும் வயதாகிவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை, முழங்கால் ஒப்புக்கொள்கிறது. மகன், 'பீஹைவ்' என்ற தேனடை போன்ற குன்றின்மேல் ஏறக் கிளம்பினான். 520 அடிதான். ஆனால் செங்குத்தான பாறையில் அடித்திருக்கும் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். நாங்கள் இருவரும் அடிவாரத்து மணற்கரையிலிருந்து ஆட்டர் முனைவரை போகும் கடலோரப் பாதையில் நடந்தோம். சுமார் 2 மைல், பெரும்பாலும் சமதளம். வழியில் 'இடிக்குழி' என்று ஓரிடம். பாறையிடுக்கில் அலை புகுந்து, உள்ளே அடைபட்ட காற்றை நெருக்கும்போது இடிபோல ஒரு முழக்கம் எழுகிறது. என் மனைவி அங்கே வெகுநேரம் நின்றாள். ஒவ்வொரு அலைக்கும், "இப்போ வரும் பாருங்க" என்றாள். சில அலைகள் ஏமாற்றின. அப்போதும் சிரித்தாள்.

மகன் மாலையில் வந்து, "மேலேயிருந்து பார்க்கணும் அப்பா. கீழே நடந்தா அது பார்த்ததாகவே ஆகாது" என்றான். நல்ல பிள்ளை, இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் அம்மாவின் முகம் சற்று வாடிவிட்டது. அந்த வாட்டத்தைப் பார்த்தபோதுதான், அவன் பேசியது என்னுடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது. நான் வளர்த்த பிள்ளைதானே!

கஷ்டத்தை வைத்துத் தகுதியை அளந்தால், முடவனுக்கும் கிழவிக்கும் குழந்தைக்கும் உலகத்தின் அழகில் பங்கில்லை என்றாகிறது. அவர்களிடம் ஆசை குறைவா? இல்லை. கால்தான் பலவீனம். காலின் பலத்தை மனத்தின் பெருமையாகக் கணக்கெழுதிக்கொள்வது என்ன நியாயம்? இப்படி யோசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நாங்கள் நடந்த பாதை கஷ்டமில்லாமல் உண்டானதல்ல. கஷ்டத்தை வேறு யாரோ முன்கூட்டியே பட்டுவிட்டார்கள்.

1930களில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலத்தில், அரசாங்கம் வாலிபர்களைத் திரட்டிக் காடுகளிலும் பூங்காக்களிலும் வேலைக்கு வைத்தது. மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைகள்தாம் இந்தக் கடலோரப் பாதையைச் செப்பனிட்டவர்கள். ஒரு தாயின் அடுப்பை எரியவைக்க எங்கோ ஒரு மகன் கல் சுமந்தான். அந்தக் கல்லின்மேல், தொண்ணூறு வருஷம் கழித்து, வேறொரு தாய் முழங்கால் நோகாமல் நடக்கிறாள். அவளைப் பார்த்து, "நீ பாடுபடவில்லையே" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

தீவின் உட்புறத்தில் இன்னொரு வகைப் பாதை உண்டு. எண்ணெய்க் கோடீசுவரரின் மகனான இளைய ஜான் ராக்ஃபெல்லர், 1913 முதல் 1940 வரை, குதிரை வண்டிகளுக்கென்று போட்ட கல் சாலைகள். பூங்காவுக்குள் மட்டும் 45 மைல். குதிரை இளைக்காமல் ஏறும்படி சரிவை மெல்ல மெல்ல உயர்த்தியிருக்கிறார்கள். அவர் செலவில் எழுந்த கல் பாலங்கள் 16. மோட்டார் காருக்கு அங்கே அன்றும் இடமில்லை, இன்றும் இல்லை. பெட்ரோலால் வந்த பணத்தில் பெட்ரோல் வண்டிக்கு இடமில்லாத சாலை! அந்தச் செல்வம் வந்த விதம் பற்றிப் பலருக்குப் பல அபிப்பிராயம். எனக்கும் உண்டு. ஆயினும் இந்தச் சாலையை அவர் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளாமல் ஊருக்கு விட்டார் என்பதும் உண்மை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, லேசான மறுப்பல்ல. வழியை எளிதாக்கினால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் அழகு சாகும். அந்தப் பூங்காவுக்கு இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் வருகைகள். தீவின் மிக உயரமான காடிலாக் மலை 1,530 அடி. அதன் உச்சிவரை மோட்டார் சாலை போகிறது. மேலே பாறைமீது படிந்திருக்கும் சொற்ப மண்ணும் செடியும் காலடி பட்டுப் பட்டுத் தேய்ந்துவிட்டன. நெரிசல் தாங்காமல் 2021 முதல், பருவகாலத்தில் அங்கே கார் கொண்டுபோக முன்பதிவு செய்யவேண்டும் என்று விதித்துவிட்டார்கள். 'எளிது' என்பதற்கு இது தண்டனை இல்லையா?

தண்டனைதான். ஆனால் நடப்பதை எளிதாக்குவது ஒன்று. நடக்கவே வேண்டாம் என்று ஆக்குவது வேறொன்று. கார் நம்மை உச்சியில் இறக்கிவிடுகிறது; நாம் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். எளிய பாதையோ நம்மை நடக்க வைக்கிறது. மூச்சு வாங்காததால் பேச முடிகிறது, நிற்க முடிகிறது, அடுத்த அலைக்குக் காத்திருக்க முடிகிறது. இது நடக்கிறவர்களுக்கு ஒரு கடமையையும் விதிக்கிறது. வியர்வை கேட்காத பாதை கவனத்தைக் கேட்கிறது. பாதையை விட்டு இறங்காதே, செடியை மிதிக்காதே, பின்னால் வருகிறவனுக்கும் மிச்சம் வை என்கிறது. அதைக்கூடத் தரமாட்டேன் என்கிறவன், மலையை ஆயிரம் முறை ஏறியிருந்தாலும் அதற்கு அந்நியன்தான்.

கடைசி நாள், பார் ஹார்பர் என்ற ஊரிலிருந்து எதிரேயுள்ள குட்டித் தீவுக்குப் போனோம். வழி கடலுக்கு அடியில் இருக்கிறது. வற்றத்தின்போது தண்ணீர் இறங்கிச் சரளைத் திட்டு வெளியே தெரியும். நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. பிறகு மேடு மூழ்கிவிடும். அசந்து அக்கரையில் தங்கிவிட்டவர் அடுத்த வற்றம்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். குழந்தையும் நடக்கக்கூடிய வழி. ஆனால் கடிகாரத்தைப் பார்க்காதவன் மாட்டிக்கொள்வான்.

மகன் முன்னால் போனான். என் மனைவி ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். நடுவில் அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு, அம்மா கால் வைக்கவேண்டிய இடத்தில் பாசி படிந்து கிடந்த ஒரு கல்லைக் காலால் ஓரமாக ஒதுக்கினான். இன்னும் நாலு அடி போய் இன்னொன்றை ஒதுக்கினான்.

அவன் என்ன நினைத்துச் செய்தான் என்று நான் கேட்கவில்லை. மலையேறி வந்த அன்று அவன்மேல் இல்லாத ஒரு மரியாதை அப்போது எனக்கு உண்டாயிற்று. பலமுள்ளவனுக்குக் கஷ்டமான வழி இருக்கவே இருக்கிறது. அவன் தாராளமாக ஏறட்டும். ஆனால் தன் பலத்தால் பிறர் வழியில் ஒரு கல்லையாவது எளிதாக்கினானா என்பதை வைத்துத்தான் இனி நான் அவனை அளப்பேன், என்னையும்.