சொல்லக்கூடிய பெயர்

இலண்டனில் ஜாஸ் இசையைப் பட்டப்படிப்பாகப் படிக்க விரும்பும் பிள்ளைக்குத் தெரிவுகள் சில உண்டு. 1822இல் தொடங்கப்பட்டு இப்போது மேர்லிபோன் வீதியில் இயங்கும் ரோயல் அகாடமி ஒஃப் மியூசிக். 1880இல் தொடங்கப்பட்டு இன்று பார்பிகனில் இருக்கும் கில்ட்ஹோல். கிரீனிச்சில் தேம்ஸ் கரையோரம் உள்ள டிரினிட்டி லபான். மூன்றிலும் படிப்பு நான்கு ஆண்டுகள். டபுள் பேஸ் வாசிக்கும் என் மருமகளுக்கு இரண்டு இசைக்கல்லூரிகளில் இடம் கிடைத்தபோது என் தங்கை என்னிடம் கேட்டாள்: “அண்ணா, ஆக்கள் கேட்டால் சொல்லக்கூடிய பெயர் எது?”

கல்லூரியைப் பற்றிய கேள்விபோல் தெரியும் இதை நான் அறம் பற்றிய கேள்வியாகவே பார்க்கிறேன்.

இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970களின் தரப்படுத்தலுக்குப் பிறகு, பல்கலைக்கழக அனுமதி என்பது எங்கள் வீடுகளில் வெறும் படிப்பாக இருக்கவில்லை. வீடு எரியும், காணி பறிபோகும், சான்றிதழ் மட்டும் கையோடு வரும் என்று நம்பிய தலைமுறை எங்களுடையது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்றால் விளக்கம் தேவையில்லை. ஜாஸ் என்றால் தேவை. அந்த விளக்கத்தைத் தரக்கூடிய பழம்பெரும் பெயர் ஒன்று இருந்தால் பெற்றோருக்கு ஆறுதல். அதாவது, நாங்கள் தேடுவது பிள்ளைக்கு ஏற்ற பள்ளியை மட்டுமல்ல. அவள் எடுத்த துணிச்சலுக்கு ஊரிடமிருந்து ஒரு மன்னிப்பையும்தான்.

ஜாஸ் கலைஞர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், பெயர் செய்யும் வேலை மிகச் சிறியது என்று தெரிகிறது. டேவ் ஹோலன்ட் 1960களில் கில்ட்ஹோலில் டபுள் பேஸ் படித்தார். 1968இல் சோஹோவிலுள்ள ரொனி ஸ்கொட்ஸ் கிளப்பில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் குழுவுக்கு அழைத்தார். மைல்ஸ் கேட்டது வாசிப்பை, சான்றிதழை அல்ல. ஆனால் படிக்க வந்திராவிட்டால் அந்த நகரத்தில், அந்த மேடையில், அந்தத் தோழர்களோடு அவர் நின்றிருப்பாரா? கல்லூரி அவருக்குத் தந்தது பயிற்சியையும், நகரத்தையும், கூட வாசிக்க ஆட்களையும்.

எங்களுக்கு நெருங்கிய உதாரணமும் உண்டு. வயலின் கலைஞர் எல். சங்கரின் தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குப் போனது. சங்கர் பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இன இசையியலில் ஆய்வுப் பட்டம் பெற்றார். அங்கேதான் ஜோன் மெக்லாக்லினைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு ஜாஸும் கர்நாடக இசையும் ஒரே மேடையில் அமர்ந்த ‘சக்தி’ குழுவுக்கு இட்டுச் சென்றது. மறுபக்கம் பியானோ கலைஞர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். இளங்கலையில் படித்தது கணிதமும் இயற்பியலும். ஜாஸ் பள்ளி எதிலும் பட்டம் பெறாத அவர் 2014 முதல் ஹார்வர்டில் இசைப் பேராசிரியர்.

இலண்டனிலேயே இன்னொரு சான்று. கேரி குரொஸ்பியும் ஜனீன் ஐரன்ஸும் 1991இல் தொடங்கிய ‘டுமாரோஸ் வோரியர்ஸ்’ இளையோருக்குக் கட்டணமின்றி ஜாஸ் கற்பிக்கிறது. 2023இல் மெர்க்குரி பரிசை வென்ற முதல் ஜாஸ் குழுவான எஸ்ரா கலெக்டிவ் அங்கே உருவானதுதான். அங்கிருந்து வந்த சாக்ஸபோன் கலைஞர் நுபையா கார்சியா பிறகு டிரினிட்டி லபானிலும் படித்தார். கல்லூரி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஜாஸ் தனியே வளரும் இசை அல்ல. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அந்த நொடியிலேயே பதில் சொல்வது. ஆகவே ஜாஸ் கல்லூரியைத் தெரிவது என்பது முதலில் கூட்டாளிகளைத் தெரிவது.

இனி அறக் கேள்விக்கு வருகிறேன். கல்லூரியின் பெயரை அனுபவிப்பவர் யார், அதன் அறைகளில் வாழப்போகிறவர் யார்? பெயர் கல்யாண மண்டபத்தில் பத்து நிமிடப் பேச்சு. அறை நான்கு ஆண்டுகள். விலை கொடுப்பவரும் அவள்தான். 2025-26இல் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண். நான்கு ஆண்டுக்கு 38,000ஐத் தாண்டும். அந்தக் கடன் பெற்றோரின் பெயரில் அல்ல, மாணவரின் பெயரில் எழுதப்படுகிறது. 2023க்குப் பின் படிக்கத் தொடங்கியவர்களுக்கு மீதிக்கடன் தள்ளுபடியாக 40 ஆண்டுகள் ஆகும். அறுபது வயதை நெருங்கும்போது அவள் சம்பளத்திலிருந்து பணம் கழியக்கூடும். இன்று பெயர் கேட்கும் ஆட்களில் எத்தனை பேர் அன்று இருப்போம்?

தாயின் தியாகத்துக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். உண்டு. சனிக்கிழமைதோறும் தன்னிலும் உயரமான வாத்தியத்தைக் காரில் ஏற்றி மகளை வகுப்புக்குக் கொண்டுபோனவள் என் தங்கை. ஆனால் திருப்பித் தரவேண்டும் என்று கொடுத்தால் அது கொடை அல்ல, கடன். பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கடன் காத்திருக்கிறது; இரண்டாவதை நாங்களும் ஏற்றத் தேவையில்லை.

தங்கையிடம் நான் சொன்னது இதுதான். இரண்டு இடத்துக்கும் அவள் ஒருநாள் தனியாகப் போகட்டும். அங்கே படிக்கிறவர்களிடம் கேட்கட்டும்: தனி வகுப்பில் யார் கற்பிக்கிறார்கள்? கிழமைக்கு எத்தனை மணி நேரம் குழுவாக வாசிக்கிறீர்கள்? சொந்தமாக எழுதியதை வாசிக்க இடம் தருகிறார்களா? இரவில் எங்கே போய் வாசிக்கிறீர்கள்? பிழையாக வாசித்தால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? சிறுவயதில் கற்ற கோர்வை ஒன்றைக் கொண்டுபோனால், அதை வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பார்களா, கூட வாசித்துப் பார்ப்பார்களா?

பெயருக்கும் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மேடை தராத மாதத்தில் கற்பிக்கும் வேலை சோறு போடும். அதற்கு விண்ணப்பிக்கும்போது பெயர் உதவலாம். இரண்டு இடமும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்தால் பெயரைப் பார்த்தே முடிவெடுக்கட்டும். கேள்விகளின் வரிசைதான் முக்கியம். கூட்டாளிகள் முதலில், பெயர் கடைசியில். அந்த வரிசையில் கேட்டு எடுத்த முடிவு நாளை தவறாகிப் போனாலும், அது அவளுடைய முடிவாக இருக்கும்; அதைத் திருத்திக்கொள்ளும் உரிமையும் அவளிடமே இருக்கும்.