கன்றுக்குப் பதில் கன்றா?

இருபதாயிரம் சதுர மீட்டருக்குக் குறையாமல் அடுக்குமாடி எழுப்ப நினைப்பவர், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்அனுமதி வாங்க வேண்டும். அதற்கான படிவத்தில் விலங்குகளுக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. நிலத்திலும் நீரிலும் வாழும் உயிர்கள் இடம்பெயர நேருமா? பறவைகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதிப்பு வருமா? அதைக் குறைக்க வழித்தடம், மீன் ஏணி என்று ஏதாவது செய்யப்போகிறீர்களா? கேள்விகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதில் எழுதுகிறவர்தான் கட்டப்போகிறவரே பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர். குடியிருப்புத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது. அறிவிக்கையே அதற்கு விலக்குக் கொடுத்துவிட்டது. பக்கத்துத் தெருக்காரரையே கேட்காத இடத்தில் நாமக்கோழியின் கட்சியை யார் பேசுவது?

இளவரசனின் தேரில் கன்றைப் பறிகொடுத்த திருவாரூர்ப் பசுவுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. அரண்மனை வாசலில் மணி தொங்கியது, கொம்பால் அடித்தது, அரசன் வெளியே வந்தான்.

மனுநீதிச் சோழன் கதையைச் சொல்கிறவர்கள் மகன்மேல் தேர் ஏறிய காட்சிக்கு ஓடிவிடுவார்கள். அதற்கு முன்னால் பெரிய புராணத்தில் ஓர் உரையாடல் வருகிறது. பசுவதைக்கு முன்னோர் வகுத்த பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். அரசன் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பரிகாரம் கன்றை இழந்து கதறும் தாயின் துயரைத் தீர்க்குமா என்பது அவன் கேள்வி. தொழுவத்திலிருந்து வேறொரு கன்றை அவிழ்த்துக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம் என்ற யோசனை அந்த அவையில் யாருக்கும் வரவில்லை. இன்றைய மதிப்பீட்டு அறிக்கைகளுக்கு முதலில் வருவதே அதுதான்: வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்து மரம், இங்கே தூர்க்கும் குட்டைக்கு அங்கே ஒரு குட்டை.

இதற்குச் சூழலியலில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அந்தத் துறை பெரும்பாலும் தனி உயிரைப் பார்ப்பதில்லை. இனத்தையும் எண்ணிக்கையையும் பார்க்கிறது. வேறோர் ஏரியில் அதே அளவு பறவைகள் பிழைத்திருந்தால் இழப்பு என்ன என்று அது கேட்கலாம். அரசனோ இந்த ஒரு கன்று, இந்த ஒரு தாய் என்று நின்றான். ஓர் உயிரின் இழப்பை இன்னோர் உயிரால் நிரப்ப முடியுமா என்ற பழைய கேள்வி இங்கே திட்ட அனுமதிக் கோப்புக்குள் நுழைந்துவிடுகிறது. அறநூல்காரரும் அறிவியல்காரரும் இதில் சுலபமாக ஒத்துப்போக மாட்டார்கள். சதுப்பு நிலம் என்று வரும்போது மட்டும் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். காரணம் எளியது: அடுத்த ஏரி காலியாக இல்லை. அங்கே ஏற்கெனவே குடியிருப்பவை உண்டு. இரைக்கும் கூட்டுக்கும் போட்டி உண்டு.

தென்சென்னையின் பள்ளிக்கரணையைப் பார்க்கலாம். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குப்பைக் கிடங்கு, சாலை, ரயில், தொழில்நுட்ப வளாகங்கள், வீடுகள் என்று தின்றதுபோக மிஞ்சியதில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது.

இங்கே வாழும் நீளவால் இலைக்கோழி நீண்ட விரல்களைப் பரப்பி மிதக்கும் இலைகள்மேல் நடக்கும். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பாடு. கூடு என்று பெயர்தான், மிதக்கும் பாசியும் தண்டும் சேர்ந்த ஈரமான மெத்தை அது. உள்ளானுக்கோ கணுக்கால் அளவு நீரும் சேறும் வேண்டும். ஓரத்தில் கட்டடக் கழிவைக் கொட்டி ஒரு சாலை போட்டு, அதற்கடியில் சிறிய குழாய் வைத்தால் போதும்: மேற்பக்கம் நீர் தேங்கி ஆழமாகும், கீழ்ப்பக்கம் காயும். உள்ளானுக்கு ஒரு பக்கமும், இலைக்கோழிக்கு மறுபக்கமும் போய்விடும். மரம் ஒன்றுகூட வெட்டப்படவில்லை என்று அறிக்கையில் எழுதலாம், அது பொய்யாகவும் இருக்காது.

உயிர்களை எப்போது போய் எண்ணுகிறார்கள் என்பது இதைவிடப் பெரிய விஷயம். பெரிய திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கைக்கு, மழைப்பருவம் நீங்கலாக ஏதேனும் ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது நடைமுறை. காற்றிலுள்ள தூசியை அளக்க அது சரி. மழை தூசியைக் கழுவிவிடும். உயிர்களை எண்ண அது சரியா? சென்னைக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். சதுப்பு நிறைவதும் வலசைப் பறவைகள் வந்து இறங்குவதும் தவளைகள் கத்துவதும் அப்போதுதான். சித்திரை வெயிலில் போனால் வெடித்த மண்ணும் சீமைக்கருவேலமும் கண்ணில் படும். குறிப்பேட்டில் தரிசு என்று எழுதிக்கொண்டு திரும்பலாம்.

சமண முனிவர்கள் மழைக்காலத்தின் நான்கு மாதங்களும் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள்; இன்றும் அப்படித்தான். புத்த பிக்குகளுக்கும் மூன்று மாத மழைத் தங்கல் உண்டு. முளையும் புழுவும் பூச்சியும் தரையெங்கும் பெருகியிருக்கும் காலத்தில் கால் வைத்தால் எதையாவது மிதிக்க நேரும் என்பதே காரணம். ஒரு நிலத்தில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை எந்த மாதத்தில் பார்க்க வேண்டும் என்று அந்தத் துறவிகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அடி வைக்கத் தயங்கிய அதே மழைக்காலத்தைத்தான் மதிப்பீட்டு அறிக்கை விட்டுவிடுகிறது.

பறவைக்கு இடம் கொடுத்தால் மனிதன் எங்கே போவான் என்ற வாதம் உடனே எழும். பெரும்பாக்கம் அதற்குப் பதில் சொல்லும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காக, சதுப்பை ஒட்டி இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அரசுக் குடியிருப்புகள் அங்கே எழுந்தன. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி நீர் தேங்கும் நிலத்துக்கு அனுப்பப்பட்டவர்களையும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. சதுப்போரம் வீடு கட்டுவது ஏழைகளுக்காகத்தான் என்று வாதிடுகிறவர்கள், அதே சதுப்பைப் பார்த்த பால்கனிக்குக் கூடுதல் விலை வைக்கும் விளம்பரங்களையும் ஒருமுறை படிக்கலாம்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. பள்ளிக்கரணைக்காக மணியடிக்க மனுதாரர்கள் அங்கேயும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். ராம்சார் பகுதிக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையிலும் புதிய கட்டட அனுமதி தர வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. சதுப்பின் தாக்கப் பகுதி எதுவரை என்று ஆய்வுசெய்து வரையறுக்கும்வரை இந்தத் தடை என்றது. அந்த ஆய்வுக்குக் களத்தில் இறங்குகிறவர்கள் எந்த மாதத்தில் இறங்குகிறார்கள் என்று மனுதாரர்கள் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொள்வது நல்லது.