பெயர் சொல்லாத ஒலிபெருக்கி

எங்கள் சாஸ்தா என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்திக்கொள்கிறேன். அப்படி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா?

திருநெல்வேலிப் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பிழைப்புக்கு எங்கே போயிருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று பஸ்ஸோ ரயிலோ பிடித்து, குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ இருக்கும் தங்கள் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. புருஷன் வீட்டுச் சாமிதான் அவளுக்குக் குலதெய்வம். நான் வாழ்க்கைப்பட்டது ஈரோட்டுக்கு. 1984-லிருந்து என் குலதெய்வம் ஓர் அம்மன். அவளை மனசாரத்தான் கும்பிடுகிறேன். ஆனால் காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் திருநீறு பூசும்போது வாயில் வருவது சாஸ்தாவின் பெயர்தான்.

1986 பங்குனி உத்திரத்துக்குக் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தேன். கோயிலுக்கும் போனேன். பூசை முடிந்ததும் வரிப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் வாசித்தார்கள். அப்பா பெயர் வந்தது. முந்தின வருஷம் கல்யாணமான அண்ணன் பெயர் புதிதாக வந்தது. பெண்கள் பெயரை அதில் எழுதுவதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. அப்பா பெயருக்குள் நானும் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அதற்குள்ளும் நான் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. புத்தகத்தை மூடினார்கள். பொங்கல் பானைப் பக்கமிருந்து ஒரு பெரியம்மை, “ஏட்டி, எப்ப வந்த? பிள்ளையக் கொண்டா இங்க” என்று கையை நீட்டினாள்.

அதே வருஷம் ஜூலை மாதம். நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகள் வாயில் பி.டி. டீச்சர். ஆசிரியர் அறைக்கு வரும் நாளிதழை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பேன். பெண்களுக்கான ஃபெடரேஷன் கோப்பை டென்னிஸ் பிராகில் நடக்கிறது, அமெரிக்க அணியில் மார்ட்டினா நவரத்திலோவா வந்திருக்கிறார் என்று ஒரு சின்னச் செய்தி. அந்தச் செய்தியின் மிச்சத்தை நான் பல வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துச் சேர்த்திருக்கிறேன். என் கேள்விக்கு அதைவிட நெருக்கமாக எந்தப் புராணமும் வந்ததில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

டென்னிஸ் தனி ஆளின் ஆட்டம். வருஷம் முழுக்க ஒவ்வொருத்தியும் தன் பெயருக்கும் தன் தரவரிசைக்கும்தான் ஆடுகிறாள். 1963-ல் லண்டனில் தொடங்கிய இந்தக் கோப்பையில் மட்டும் அவள் பெயருக்கு முன்னால் நாட்டின் பெயர் வந்து நின்றுகொள்கிறது. இன்றைக்கு இதன் பெயர் பில்லி ஜீன் கிங் கோப்பை. அந்தக் காலத்தில் எல்லா நாட்டு அணிகளும் ஒரே ஊரில் கூடி ஒரே வாரத்தில் ஆடி முடிப்பார்கள். இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம். இரண்டை ஜெயித்த நாடு அடுத்த சுற்றுக்குப் போகும்.

நவரத்திலோவா 1956-ல் பிராகில் பிறந்தவர். பாட்டி டென்னிஸ் வீராங்கனை. பயிற்சி கொடுத்தவர் அம்மாவின் இரண்டாவது கணவர். சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த 1968-ல் அவருக்குப் பதினோரு வயது. 1975-ல் பிரான்சில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் அவரும் ரெனாட்டா தொமனோவாவும் ஆஸ்திரேலியாவை வென்றார்கள். செக்கோஸ்லோவாக்கியா அந்தக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அப்படிக் கோப்பை கொண்டுவந்த பெண்ணிடம்தான், எந்தப் போட்டிக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ அமெரிக்கக்காரி மாதிரி ஆகிக்கொண்டு வருகிறாய் என்றார்கள். நாலு மாதம் கழித்து நியூயார்க்கில், அமெரிக்க ஓபன் அரையிறுதியில் கிறிஸ் எவர்ட்டிடம் தோற்ற கையோடு, குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் அடைக்கலம் கேட்டார். வயது பதினெட்டு.

அதற்குப் பிறகு அவருடைய நாட்டில் அவர் இல்லாதவரானார். அங்கிருந்த பத்திரிகைகள் அவர் பெயரை அச்சிடுவதையே தவிர்த்தன. அவர் விம்பிள்டன் ஜெயித்தபோதும் அப்படித்தான். 1979-ல்தான் அவர் ஆடுவதைப் பார்க்க அம்மாவை விம்பிள்டனுக்கு வர அனுமதித்தார்கள். அதுவரை கிட்டத்தட்ட நாலு வருஷம் தாயும் மகளும் பார்த்துக்கொள்ளவில்லை. 1981-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. 1982-ல் அமெரிக்காவுக்காக அதே கோப்பையை வென்றார். அடுத்த மூன்று வருஷமும், 1983, 84, 85, கோப்பை செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. ஹானா மண்ட்லிகோவாவும் ஹெலெனா சுகோவாவும் வென்று கொடுத்தார்கள்.

ஆக 1986-ல் பிராக் என்பது கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்களின் சொந்த வீடு. வல்தாவா ஆற்றின் நடுவே ஷ்ட்வானிட்சே என்றொரு தீவு. செக் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேட்டை, துரத்தல் என்று பொருள். அந்தத் தீவில் புதிதாக எழும்பிய அரங்கத்துக்குள், பதினோரு வருஷம் கழித்து, வேறு நாட்டின் சீருடையில் நவரத்திலோவா நடந்து வந்தார். ஒலிபெருக்கி மற்றவர்களின் பெயரைச் சொன்னது. அவர் முறை வந்ததும் அமெரிக்க வீராங்கனை என்று மட்டும் சொல்லி நிறுத்தியது.

கைதட்டல் எழுந்தது. பெயர் சொல்லாத இடத்தை ஜனங்கள் தங்கள் கையால் நிரப்பினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவர் ஆட வேண்டியிருந்தது அவர்களுடைய அணிக்கு எதிராகவே. எவர்ட் சுகோவாவை வென்றார். நவரத்திலோவா மண்ட்லிகோவாவை 7-5, 6-1 என்று வென்றார். பாம் ஷ்ரைவரோடு சேர்ந்து இரட்டையரையும் வென்றார். மூன்றுக்குப் பூஜ்யம். தோற்ற ஊர் எழுந்து நின்று கைதட்டியது. ஜெயித்தவர் அழுதார்.

நாற்பது வருஷமாக அந்த 7-5, 6-1 என் மனசில் கிடக்கிறது. முதல் செட்டில் பன்னிரண்டாவது கேம் வரை போராட வைத்தது எதிராளியின் திறமை மட்டும்தானா? கையை யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டாவது செட்டில் அந்தப் பிடி விட்டிருக்கிறது. பிறந்த மண்ணுக்கு எதிரே நிற்கும்போது கொஞ்சம் குறைத்து ஆடுவதுதான் பாசம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது அவமரியாதையாகப் படுகிறது. சாமிக்குப் படைக்கிறவள் அரிசியில் அளவு குறைப்பாளா? அந்தத் தரையில் நின்று கற்றுக்கொண்டதை அந்தத் தரையில் முழுசாக இறக்கிவைத்ததுதான் அவர் செய்த பூசை.

வலைக்கு அந்தப் பக்கம் நின்ற மண்ட்லிகோவாவின் கதை இன்னும் விசேஷம். சிறுமியாக நவரத்திலோவாவின் ஆட்டத்துக்குப் பந்து பொறுக்கிப் போட்டவர். அந்தப் போட்டி நடந்த அதே வாரத்தில், பிராகின் பழைய நகர மன்றத்தில் ஆஸ்திரேலியக் குடிமகன் ஒருவரை மணந்துகொண்டார். 1988-ல் தானும் ஆஸ்திரேலியரானார். பிறகு செக் நாட்டு யானா நோவோட்னாவுக்குப் பயிற்சியாளராகி, 1998-ல் அவர் விம்பிள்டன் வெல்லும்வரை கூட இருந்தார். ஆக அன்றைக்கு வலையின் ஒரு பக்கம் புகுந்த வீட்டிலிருந்து வந்தவள், இன்னொரு பக்கம் பிறந்த வீட்டை விட்டுப் புறப்பட நின்றவள். செக் மக்களின் நாட்டுப்பண்ணின் பெயரே ‘எங்கே என் வீடு’ என்பதுதான். 1834-ல் ஒரு நாடகத்துக்காக எழுதிய பாட்டு. மேடையில் அதைப் பாடும் பாத்திரம் கண் தெரியாத ஒரு பிடில்காரர். தன் நாட்டுப்பண்ணையே ஒரு கேள்வியாக வைத்துக்கொண்ட ஜனங்களுக்கு அந்தப் பெண்ணை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம்மிடம் இதற்கு வீடணன் கதை இருக்கிறது. அண்ணனோடு நின்று செத்த கும்பகர்ணனுக்காக நாம் உருகுகிறோம். எதிர்ப்பக்கம் போன வீடணனைப் பற்றி மட்டும் நமக்கு இரண்டு மனசு. வீட்டில் காட்டிக்கொடுத்தவன் என்கிறோம். வைணவர்கள் அவனை விபீஷணாழ்வான் என்று கைகூப்புகிறார்கள். நான் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்ரீரங்கத்துத் தலபுராணத்தை. பட்டாபிஷேகம் முடிந்து இலங்கைக்குப் புறப்பட்டவனுக்கு இராமன் தன் குலதெய்வத்தையே, விமானத்தோடு அரங்கநாதனையே, எடுத்துக் கொடுக்கிறான். எதிரி குலத்திலிருந்து வந்தவனுக்கு! வழியில் காவிரிக் கரையில் இறக்கிவைத்த விமானம் அங்கேயே தங்கிவிடுகிறது. வீடணன் அழுகிறான். நான் இங்கேயே இருக்கிறேன், உன் இலங்கையைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன் என்று பெருமாள் சொல்கிறார். அதனால்தான் தெற்கே முகம். தெய்வத்தால் நம் பின்னாலேயே வர முடியாமல் போகலாம். முகத்தை நம் பக்கம் திருப்பிவைத்துக்கொள்ள முடியும். நவரத்திலோவாவுக்கு அந்த அரங்கம் செய்தது அதைத்தான்.

அந்தக் கதையில் இலங்கை ஜனங்கள் வீடணனை எப்படி வரவேற்றார்கள் என்பது என் காதில் விழுந்ததில்லை. அதனாலேயே பிராக் எனக்கு வேண்டியிருக்கிறது. புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், பொங்கல் பானைப் பக்கம் இருப்பவர்கள் ஒரு பக்கம்.

2021-ல் இதே கோப்பையின் இறுதிச் சுற்று மறுபடி பிராகில் நடந்தது. ஊக்கமருந்து விவகாரத்தில் ரஷ்யாவுக்கு விதித்த தண்டனையால், சுவிட்சர்லாந்தை வென்ற ரஷ்யப் பெண்கள் தங்கள் டென்னிஸ் சம்மேளனத்தின் பெயரில்தான் ஆடினார்கள். கொடி இல்லை, நாட்டுப்பண் இல்லை. இந்தத் தடவை பெண்களின் பெயரைச் சொன்னார்கள், நாட்டின் பெயரை விட்டுவிட்டார்கள். அந்த இறுதியாட்டத்தில் ஒரு வெற்றியைத் தந்த தாரியா கசாட்கினா 2025-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆட வந்துவிட்டார். நவரத்திலோவாவுக்கோ 2008-ல் செக் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமையை அவர் விட வேண்டியிருக்கவில்லை. வரிப் புத்தகத்தில் பெயர் ஏற முப்பத்து மூன்று வருஷம்.

இதையெல்லாம் இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிற நான் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.

1994 என்று ஞாபகம். எங்கள் பள்ளி மைதானத்தில் குறுவட்டப் போட்டி. மைக் என் கையில். டென்னிகாயிட் என்கிற வளையப்பந்தில் எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியை ஆறாம் வகுப்பிலிருந்து தயார் செய்திருந்தேன். சாயங்காலப் பயிற்சிக்குப் பிறகு அவளுக்குச் சுண்டலும் முட்டையும் என் கைக்காசில்தான். பத்தாம் வகுப்பில் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அங்கே விடுதியும் சாப்பாடும் இலவசம். அவள் வீட்டு நிலைமைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனசு ஆறவில்லை. சொல்லிக்கொண்டு போக வந்தவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்கு அவள் அந்தப் பள்ளியின் பனியனில் வந்தாள். கோட்டுக்குள் வருவதற்கு முன் குனிந்து எங்கள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் எங்கள் பிள்ளையின் பெயரை முழுசாக, இனிஷியலோடு, மைக்கில் சொன்னேன். அவள் முறை வந்ததும் பள்ளியின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினேன்.

பிராகைப் பற்றிப் படித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. வரிப் புத்தகத்தை மூடும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் செய்தேன். அவள் வலது கையால் வளையத்தைப் பிடித்தபடி ஒரு கணம் என்னைப் பார்த்தாள், அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பவள்போல. மூன்றாவது செட்டை 21-19 என்று ஜெயித்தாள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள், அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், அவள் பெயரைச் சொல்லிக் கத்திக் கைதட்டினார்கள். சும்மா இருங்கள் என்று நான் மைக்கில் அதட்டினேன். முடிந்ததும் “டீச்சர்” என்று என் எதிரில் வந்து நின்றாள். “உங்க டீச்சர் கூப்பிடுறாங்க, போ” என்றேன். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. எங்கே வாழ்க்கைப்பட்டாளோ, எந்த ஊரில் இருக்கிறாளோ.

ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்குத் தெய்வம் கணக்கு வைத்திருக்கிறதா என்ற கேள்வியோடு நான் பல கோயில் படி ஏறியிருக்கிறேன். வைத்திருக்கவில்லை என்றே இப்போது நம்புகிறேன். கணக்கு வைப்பவர்கள் நாம். ஒரு பெயரைச் சொல்லாமல் விடுகிற அதிகாரம் கொஞ்ச நேரத்துக்கு நம் கைக்கு வருகிறது. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் தெய்வத்தின் முன்னால் நிற்கும்போது என் தொண்டையை அடைக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு பங்குனி உத்திரத்துக்கு வருஷந்தோறும் சாஸ்தா கோயிலுக்குப் போகிறேன். வரிப் புத்தகம் இப்போது அண்ணன் மகன் கையில். இந்த வருஷம் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். பூசாரி வழக்கம்போல் பெயர், நட்சத்திரம் கேட்டார். வீட்டில் எல்லோருடையதையும் சொன்னேன். பிறகு அவள் பெயரைச் சொன்னேன்.

“நட்சத்திரம்?”

“தெரியாதுய்யா.”

“பேர் போதும்மா” என்று உள்ளே திரும்பி, அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.