நைவேத்தியமும் புழுங்கலரிசியும்

இறைவனுக்குப் படைப்பது பச்சரிசி அன்னம். நம்மவரில் பலர் உண்டு வளர்ந்ததோ புழுங்கலரிசிச் சோறு. நெல்லை ஒருமுறை அவித்த பின்னரே குத்தி எடுப்பதால் புழுங்கலரிசி முன்பே வெந்த பண்டமாகிவிடுகிறதென்றும், ஆகையால் அது நைவேத்தியத்துக்கும் சிராத்தத்துக்கும் உகந்ததன்றென்றும் ஆசாரம் கூறும். அந்த ஆசாரத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் சந்நிதிக்குரிய சுத்தத்தை, உண்பவன் உடலுக்குரிய நன்மையாகவும் எண்ணிக்கொள்வது தர்மமாகுமா?

மலாயா மண்ணிலேயே இதற்கு ஒரு விடை கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈயச் சுரங்கங்களில் உழைத்த, தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து பெரிபெரி நோயால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அந்நோய் அரிதாயிருந்ததைக் கவனித்த பிராடன் என்னும் மருத்துவர், அரிசியின் வேற்றுமையே காரணமென வாதித்தார். 1905-ல் வில்லியம் பிளெட்சர் என்னும் இன்னொரு மருத்துவர், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குத் தீட்டிய வெள்ளையரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 43 பேரை நோய் பற்றியது; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில், நோயோடு வந்து சேர்ந்த இருவரைத் தவிர எவரையும் அது தீண்டவில்லை. (சித்தம் கலங்கியவர்களைக் கொண்டு இவ்விதம் பரீட்சை செய்வதை இன்று எந்த நீதியும் ஒப்பாது.) நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள, அந்நோயைத் தடுக்கும் தயமின் என்னும் உயிர்ச்சத்து நீரோடு உள்ளிறங்கி அரிசியில் தங்கிவிடுகிறது, பின்னர் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை.

சாத்துவிக உணவைச் சொல்ல வந்த கீதையின் பதினேழாம் அத்தியாயம், ஆயுளையும் பலத்தையும் ஆரோக்கியத்தையும் வளர்ப்பது எதுவென்றே முதலில் கேட்கிறது. நிறத்தை அது கேட்கவில்லை. ஆறிச் சுவை கெட்டதைத் தாமசம் என்றது உண்மைதான். ஆனால் அவித்து உலர்த்தி மறுபடி உலையிலிட்டுச் சுடச்சுட வடித்த அன்னத்தை அந்த வரிசையில் சேர்ப்பார் யார்?

பெரிபெரி போயிற்று, நீரிழிவு வந்தது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் எல்லா இனத்தாரினும் மிகுதி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் "வெள்ளையா, புழுங்கலா?" என்று கேட்கையில், மங்கிய மஞ்சள் சாயலோடு உதிரியாய் விழும் புழுங்கலை விரும்பி வாங்குவோரும் அதை மும்முறை வாங்கினால் பயனில்லை, அதுவும் மாவுச்சத்தே. கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, பாதி காய்கனி என்று சுகாதார அமைச்சு மலாயில் சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' நம் பழைய மிதாகாரத்துக்கு அயலானதன்று. சோற்றையே பகையாக்கி அறவே விலக்குவதும் எனக்கு உடன்பாடன்று. அது தீட்டுப் பார்ப்பதன் இன்னொரு வடிவம், அவ்வளவுதான்.

ஒரு சங்கடம் மட்டும் எஞ்சுகிறது. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில், புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில், "பாதி போதும் அண்ணே" என்று ஒருத்தி கையைக் குறுக்கே நீட்டினால், "சாமி சோத்த வேணாம்னு சொல்லக் கூடாதும்மா" என்று பரிமாறுபவர் மனம் வருந்துவார். அந்த வருத்தத்தில் பக்தி இருக்கிறது, நியாயம் இல்லை. அதே சந்நிதியில் தீர்த்தத்தை ஓர் உத்தரணி அளவே பெறுகிறோம். குறைத்து வாங்கியது அபசாரமென்று எந்த அர்ச்சகரும் சொன்னதில்லை.